இரைகிற ஃபேன் சொல்வது

விறகடுப்பு படபடக்கும்; மண்ணெண்ணெய் ஸ்டவ் சீறும்; பெல்லட் அடுப்பு ரீங்கரிக்கும். அந்த ரீங்காரம் தீயின் குரல் அல்ல, அடுப்புக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஃபேனின் குரல். மரத்தூள், கரும்புச் சக்கை, நிலக்கடலைத் தோல் போன்றவற்றை இறுக்கி, சுண்டுவிரல் அளவுத் துண்டுகளாக்கி எரிக்கிற இந்த அடுப்பில் நெருப்பைப் பற்றவைப்பதுதான் நம் வேலை. அதைப் புகையில்லாமல் எரியவைப்பது ஃபேனின் வேலை. புதிதாக இருக்கும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை. சில மாதங்களோ வருடங்களோ போனபின் ஒருநாள் அது கரகரக்கும், கிறீச்சிடும், இல்லையென்றால் தூரத்தில் லாரி ஏறுவதுபோல உறுமும். பெங்களூர் வைட்ஃபீல்டின் அடுக்குமாடி வீடுகளில் இருப்பதுபோன்ற டைல்ஸ் பதித்த குறுகிய சமையலறையில், சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி இன்னும் பெரிதாகக் கேட்கும். உடனே எழுகிற யோசனை, சத்தமில்லாத ஒரு ஃபேனை வாங்கி மாட்டிவிடலாம் என்பது. இதில் பாதிதான் சரி. மாற்றவேண்டிய நேரம் வந்திருக்கலாம். ஆனால் மாற்றும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி ‘இது சத்தம் போடுமா’ என்பதல்ல. ‘பழையது எந்தத் தடையை எதிர்த்து எவ்வளவு காற்றைத் தள்ளியதோ, அதே தடையை எதிர்த்து அதே காற்றை இது தள்ளுமா’ என்பதுதான்.

வைட்ஃபீல்டுக்கு இது எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். ஜனவரி விடியற்காலையிலும் பெங்களூரின் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். அறையைச் சூடாக்க அடுப்பு வேண்டியதில்லை. பெயரில் ஒரு வேடிக்கை மட்டும் இருக்கிறது. வீட்டைச் சூடாக்கும் பெல்லட் அடுப்பை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உருவாக்கியவர் ஜெரி விட்ஃபீல்ட் என்ற விமானப் பொறியாளர். அவர் பெயரிலேயே அந்த அடுப்புகள் விற்பனைக்கு வந்தன. நம் வைட்ஃபீல்டோ 1882இல் மைசூர் மகாராஜா அளித்த நிலத்தில் ஆங்கிலோ இந்தியர்களுக்கென்று ஏற்பட்ட குடியிருப்பு, டி.எஸ். வைட் என்பவரின் பெயரால் அழைக்கப்படுவது. இரண்டு பெயர்களுக்கும் உறவில்லை. ஆனால் பெல்லட் அடுப்புக்கும் பெங்களூருக்கும் உண்மையான உறவு ஒன்று உண்டு. நகரத்தின் மறுபக்கத்தில் இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தில், எச்.எஸ். முகுந்தா தலைமையிலான எரிதல் ஆய்வுக் குழு, பி.பி. எண்ணெய் நிறுவனத்தோடு சேர்ந்து, சமையலுக்கான ஒரு பெல்லட் அடுப்பை வடிவமைத்தது. ‘ஊர்ஜா’ என்ற பெயரில் 2006 முதல் மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் அது விற்பனைக்கு வந்தது. 2009இல் அந்தத் தொழில் ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. மொத்தத்தில் ஏறத்தாழ 4 லட்சம் அடுப்புகள் விற்றன. முகுந்தாவும் விண்வெளிப் பொறியியல் பேராசிரியர்தான். அடுப்பைத் தேடி இரண்டு கண்டங்களிலும் விமானக்காரர்களே வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எரிபொருளை ஓர் உருளைக்குள் அடைத்து, அளந்த காற்றைச் சிறு துளைகள் வழியே பீய்ச்சி, இருக்கிற இடத்துக்குள்ளேயே எரித்து முடிப்பது ஜெட் எஞ்சினின் எரியறை செய்கிற வேலை. பெல்லட் அடுப்பு அதே வேலையைத் தகர டப்பாவுக்குள் செய்கிறது.

எவ்வளவு காற்று என்பதைக் கணக்கிடுவது கடினமல்ல. உலர்ந்த தாவரப் பொருள் 1 கிலோ முழுதாக எரிந்து முடிய ஏறத்தாழ 6 கிலோ காற்று தேவை. 600 கிராம் பெல்லட்டைக் கொட்டினால் ஒரு மணி நேரம் எரிகிற அடுப்பு, நிமிடத்துக்கு 10 கிராம் எரிக்கிறது. அதற்கு 60 கிராம் காற்று, அதாவது நொடிக்கு 1 கிராம். பெங்களூரின் காற்றில் இது ஏறத்தாழ 1 லிட்டர். எட்டுப் பேர் சும்மா உட்கார்ந்து விடுகிற மூச்சு அவ்வளவுதான் இருக்கும். இதை இரண்டாகப் பிரிப்பதில்தான் இந்த அடுப்பின் சூட்சுமம். பெல்லட்டை மேற்பக்கம் பற்றவைக்கிறோம். காற்றில் ஏறத்தாழ கால் பங்கு அடித்தட்டின் வழியே மேலேறுகிறது. அவ்வளவு குறைந்த காற்றில் பெல்லட் எரியாது, வெந்து வாயுவாக மாறும். மேலே விளிம்பை ஒட்டிய துளைகளிலிருந்து மிச்சக் காற்று வேகமாகப் பாய்ந்து அந்த வாயுவோடு கலக்கும்போதுதான் சுடர் பிறக்கிறது. கீழ்க்காற்று எவ்வளவு எரியவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மேல்காற்று எவ்வளவு சுத்தமாக எரியவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் தருவது ஒன்றிரண்டு வாட் மின்சாரத்தில் சுற்றுகிற ஒரே ஃபேன். அந்த ஒன்றிரண்டு வாட், 3 கிலோவாட் அளவுள்ள தீயை ஆள்கிறது.

காற்றை ஊதித் தரவேண்டுமா, அடுப்பே இழுத்துக்கொள்ளாதா என்பது நியாயமான கேள்வி. பாட்டிமார் காலத்து அடுப்பு இழுத்துக்கொண்டுதான் எரிந்தது. திணறியபோது ஊதாங்குழலை எடுத்தார்கள். சூடான காற்று மேலே போகிற இழுவை, ஒரு அடி உயர அடுப்பில் மிகச் சொற்பம். சின்னத் துளை வழியே காற்றைப் பீய்ச்சுவதற்கு அது போதாது. பீய்ச்சாவிட்டால் வாயுவும் காற்றும் பக்கத்துப் பக்கத்தில் போய்க்கொண்டே இருக்கும், கலக்காது. கலக்காத வாயு புகையாகிறது, கரியாகிறது. இந்தியத் தர நிர்ணயமே இந்த வித்தியாசத்தை எண்ணாக எழுதி வைத்திருக்கிறது. ஐ.எஸ். 13152 என்ற தரத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தப்படி, தானே காற்றிழுக்கும் அடுப்பு பாத்திரத்துக்குச் சேர்க்கிற ஒவ்வொரு மெகாஜூல் வெப்பத்துக்கும் 350 மில்லிகிராம்வரை தூசு வெளிவிடலாம். ஃபேன் வைத்த அடுப்புக்கு அந்த உச்சவரம்பு 150 மட்டுமே. வெப்பத்திறனும் முன்னதற்குக் குறைந்தது 25 விழுக்காடு, பின்னதற்கு 35. சமையல் புகையால் 2020இல் ஏறத்தாழ 32 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஆகவே இந்த ஃபேனை ஒட்டுச் சாமானாக நினைக்க முடியாது. அது நின்றால் மிஞ்சுவது விலை கூடிய பழைய அடுப்பு.

இனி சத்தத்துக்கு வருவோம். ‘சத்தம்’ என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது உண்மையில் நாலைந்து வெவ்வேறு சங்கதிகள். அவற்றைப் பிரித்துக் கேட்டாலே நோய் என்னவென்று பாதி தெரிந்துவிடும். முதலாவது, உராய்வின் கரகரப்பும் கிறீச்சும். இது பேரிங்கிலிருந்து வருவது. மலிவான சின்ன ஃபேன்களில் குண்டு பேரிங் இருக்காது. எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்ஷுக்குள் தண்டு சுற்றும். எண்ணெய் இருக்கும்வரை அது குண்டு பேரிங்கைவிட அமைதியானது. வெப்பத்தில் எண்ணெய் வற்றினால் உலோகம் உலோகத்தை அறுக்கும், புஷ் வட்டம் கலைந்து நீள்வட்டமாகும், தண்டு உள்ளே ஆடத் தொடங்கும். இரண்டாவது, அடுப்பைக் கையால் தொட்டாலே உணரக்கூடிய உறுமல். இது இலைகளின் எடைச் சமநிலை கெட்டதன் அடையாளம். நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும் ஃபேனில், மையத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி, ஓர் இலையில் மட்டும் 0.1 கிராம் சாம்பல் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சுழற்சியின் வேகத்தில் அந்தச் சிட்டிகை தன் எடையைப்போல 300 மடங்கு விசையோடு வெளிப்பக்கம் இழுக்கும்; 30 கிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, அதுவும் நொடிக்கு 50 தடவை திசை மாற்றி மாற்றி. அடுப்பின் தகரம் அதற்குப் பறைபோல ஒலிக்கும். பேரிங்கும் சேர்ந்தே தேயும். இந்த வகைச் சத்தத்துக்குப் புதிய ஃபேன் வேண்டாம். மென்மையான பிரஷ்ஷும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

மூன்றாவது சத்தம், தெளிவான ஒரே சுரத்தில் கேட்கும் ஊளை. ஏழு இலை உள்ள ஃபேன் நிமிடத்துக்கு 2400 முறை சுற்றினால், ஏதாவது ஒரு புள்ளியை நொடிக்கு 280 இலைகள் கடக்கும். காதில் 280 ஹெர்ட்ஸ் சுரம் விழும். இலைகள் வெட்டவெளியில் சுற்றினால் அது மெல்லியதாகவே இருக்கும். இலைக்கு மிக அருகே கம்பி வலையோ, ஸ்க்ரூ முனையோ, வளைந்த தகரமோ வந்துவிட்டால், ஒவ்வொரு இலையும் அதைக் கடக்கும்போது காற்றை ஓர் அடி அடித்துவிட்டுப் போகும். ஜெட் எஞ்சின்களில் இந்த உறவைக் கணக்கில் கொண்டுவந்தவர்கள் டைலர், சோஃப்ரின் என்ற இரு பொறியாளர்கள். 1962இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்றும் விமான எஞ்சின் வடிவமைப்பில் பாலபாடம். சுற்றுகிற இலைகளின் எண்ணிக்கைக்கும், அசையாமல் நிற்கும் தாங்கிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள பொருத்தமே எந்தச் சுரம் வெளியே பரவும், எது உள்ளேயே தேய்ந்து மடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஏழு இலையும் ஏழு தாங்கியும் இருந்தால் எல்லா இலைகளும் ஒரே கணத்தில் தாங்கிகளைக் கடந்து, எல்லா அடியும் ஒன்றாக விழும். அதனால்தான் கம்ப்யூட்டர் ஃபேன்களில் பெரும்பாலும் ஏழு இலைக்கு நாலு தாங்கி என்பதுபோலப் பொருந்தாத எண்களைப் பார்க்கிறோம். வைட்ஃபீல்டிலேயே, ஜி.இ. நிறுவனம் 2000இல் தொடங்கிய ஜான் எஃப். வெல்ச் தொழில்நுட்ப மையத்தில், விமான எஞ்சின்கள் குறித்த ஆய்வு நடக்கிறது. அங்கே ஆள் உயரத்துக்கு மேலான விசிறிக்குப் போடுகிற கணக்கும் அடுப்புக்கடியில் உள்ளங்கை அளவு விசிறிக்குப் போடுகிற கணக்கும் அடிப்படையில் ஒன்றே.

நாலாவது சத்தம்தான் அதிகம் ஏமாற்றுவது. காற்று போகும் வழி அடைபட்டால் ஃபேன் மூச்சுத் திணறும். வேகமாகத்தான் சுற்றும், ஆனால் இலைகளின் முதுகில் காற்று ஒட்டாமல் பிய்ந்து சுழலும். இறக்கை தூக்குதிறனை இழந்த விமானத்தின் நிலை அது. அப்போது ஒருவிதக் கொந்தளிப்பான இரைச்சல் எழும். அடித்தட்டின் துளைகளில் சாம்பல் கட்டியாகிவிட்டதையோ, மேல்துளைகளைக் கரி மூடிவிட்டதையோ அந்த இரைச்சல் சொல்கிறது. இந்த நிலையில் ஃபேனை மாற்றினால் புதியதும் அதே இரைச்சலைப் போடும். வாங்கியவர் கடைக்காரரைத் திட்டுவார். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அடுப்பு ஆறியபின் ஃபேனைக் கழற்றி மேசைமேல் வைத்து ஓடவிட வேண்டும். வெளியே அமைதியாக ஓடி, உள்ளே வைத்ததும் இரைந்தால் குற்றம் வழியிலோ பொருத்தியதிலோ இருக்கிறது. வெளியேயும் கரகரத்தால் குற்றம் ஃபேனில். மின்சாரத்தை நிறுத்திவிட்டு விரலால் சுண்டிவிட்டால் நல்ல பேரிங் மெதுவாகக் குறைந்து நிற்கும். தேய்ந்தது சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

சத்தம்தானே, ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிடலாமே என்பார்கள். ஓடுகிறதா என்பதல்ல, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதே விஷயம். ஒரு ஃபேன் தள்ளும் காற்றின் அளவு அதன் வேகத்தோடு நேர்விகிதத்தில் குறையும்; அது தரும் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தில் குறையும். உராய்வில் சுற்று 20 விழுக்காடு குறைந்தால் அழுத்தம் 36 விழுக்காடு போய்விடும். கண்ணுக்கு ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மேல்துளைகளிலிருந்து வரும் காற்றுக்குச் சுடரின் நடுவரை எட்டும் தெம்பு இருக்காது. இரைச்சலைச் சகித்துக்கொண்ட வீட்டில் புகை தொடங்கியிருக்கும். அதைப் பெல்லட்டின் ஈரத்தின்மேல் பழிபோடுவார்கள்.

இன்னொரு யோசனை, இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஃபேனின் முதுகில் ஒட்டியிருக்கும் வட்ட ஸ்டிக்கரைப் பிரித்து, புஷ்ஷில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கிறீச்சு அடங்கத்தான் செய்யும். புஷ் இன்னும் வட்டமாக இருந்தால் பல மாதம் ஓடும். நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் எண்ணெய் சத்தத்தை மறைக்கும், தண்டின் ஆட்டத்தை நிறுத்தாது. சாம்பலோடு குழைந்து அரைக்கும் பசையாகவும் ஆகிவிடும். கையில் கிடைத்த தேங்காயெண்ணெயை விடுவது எல்லாவற்றிலும் மோசம். அது நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். மேலும் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி மாதத்துப் பெங்களூரில் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டியாகிற அந்த எண்ணெய், புஷ்ஷுக்குள் மட்டும் உருகியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எண்ணெய் வற்றியதற்கான காரணம் பெரும்பாலும் பயன்படுத்தும் முறையிலேயே இருக்கிறது. சமையல் முடிந்ததும் ஸ்விட்சை அணைத்துவிடுகிறோம். ஃபேன் ஓடும்போது குளிர்ந்த காற்று அதன்வழியே போய் அதைக் காக்கிறது. நின்ற கணத்தில் மேலே கனன்றுகொண்டிருக்கும் கரியின் வெப்பம் கீழே இறங்கி பேரிங்கைச் சுடுகிறது. வெப்பநிலை 15 டிகிரி கூடினால் பேரிங் கிரீஸின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிற்சாலைக்காரர்கள் பின்பற்றும் தோராய விதி. கரி ஆறுகிறவரை ஃபேனை ஓடவிடுவது ஒன்றிரண்டு வாட் செலவுதான்.

ஃபேன் செத்தது உறுதி என்றால் மாற்றத்தான் வேண்டும். பெங்களூரில் இதற்கு எஸ்.பி. ரோடு இருக்கிறது, சென்னையில் ரிச்சி தெரு. 12 வோல்ட் ஃபேன் என்று கேட்டால் கடைக்காரர் பத்து வகையை எடுத்துப் பரப்புவார். அளவும் வோல்ட்டும் ஒன்றாக இருக்கும், விலை மட்டும் வேறாக இருக்கும். அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது காற்றின் அளவு. 80 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரணக் கம்ப்யூட்டர் ஃபேன், எதிரில் எந்தத் தடையும் இல்லாதபோது, நிமிடத்துக்கு 30 கன அடி காற்று தரும். அது நொடிக்கு 14 லிட்டர். அடுப்புக்கு வேண்டியதோ 1 லிட்டருக்குச் சற்று மேல். பத்து மடங்குக்கு மேல் தருகிறதே, தாராளம் என்று தோன்றும். அங்கேதான் தவறுகிறோம். அந்த 14 லிட்டர் திறந்த வெளிக்கான கணக்கு. அடுப்புக்குள் அதே ஃபேன் ஏறத்தாழ வாய் பொத்தப்பட்ட நிலையில், பெல்லட் அடுக்கையும் ஊசித்துளைகளையும் எதிர்த்துத் தள்ளுகிறது. அங்கே உதவுவது அளவல்ல, அழுத்தம். அட்டையில் சிறிய எழுத்தில், மில்லிமீட்டர் நீர் உயரமாகக் குறிப்பிட்டிருப்பார்கள். சாதாரண ஃபேனில் அது 2, 3 இருக்கும். பழைய ஃபேனின் எண்ணைவிட அது குறைந்திருந்தால், எவ்வளவு அமைதியானதாக இருந்தாலும் வாங்கக்கூடாது. ‘சைலன்ட்’ என்று விற்கப்படும் ஃபேன்கள் பெரும்பாலும் மெதுவாகச் சுற்றியே அமைதியைச் சம்பாதிக்கின்றன; அழுத்தத்தை விட்டுக்கொடுத்து வாங்கிய அமைதி அது. நத்தைக்கூடு வடிவப் புளோயர், அதே அளவுள்ள தட்டை ஃபேனைவிட அதிக அழுத்தம் தரும். உறையில் இடம் இருந்தால் அதை வைக்கலாம், ஆனால் காற்று நுழையும் பக்கமும் வெளியேறும் பக்கமும் அதில் செங்குத்தாகத் திரும்பும் என்பதால் உள்ளே புதிய பாதை அமைக்கவேண்டியிருக்கும்.

இந்த ஊருக்கென்று ஒரு சின்னக் கணக்கும் உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேனுக்குத் தெரிந்தது கன அளவு மட்டும்தான். ஒவ்வொரு சுற்றிலும் இத்தனை லிட்டரை அள்ளிப் போடும். அந்த லிட்டருக்குள் எத்தனை கிராம் ஆக்சிஜன் இருக்கிறதென்று அது பார்ப்பதில்லை. அட்டையில் அச்சிட்ட அழுத்தம் கடல் மட்டக் காற்றில் அளந்தது. வைட்ஃபீல்டில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தே கிடைக்கும். பெங்களூரிலேயே உருவான அடுப்புக்கு அதன் அசல் ஃபேன் இந்தக் காற்றுக்கு ஏற்றபடி அமைந்திருக்கும். அட்டையைப் பார்த்து வேறொன்றை வாங்குகிறவர் இந்த இழப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

வலுவான எதிர்வாதம் ஒன்றை இங்கே சந்தித்தாக வேண்டும். இந்த அடுப்புகளில் தீயைக் கூட்டிக் குறைக்க ரெகுலேட்டர் வைத்திருக்கிறார்கள். அது ஃபேனின் வேகத்தைத்தானே குறைக்கிறது? அப்படியானால் மெதுவான ஃபேனால் என்ன கெட்டுவிடும்? கேள்வி சரி. வேகத்தை 70 விழுக்காடாகக் குறைத்தால் சத்தம் ஏறத்தாழ 8 டெசிபெல் இறங்கும். காதுக்குச் சத்தம் பாதியானதுபோல இருக்கும். 10 டெசிபெல்லுக்கு ஒருமுறை சத்தம் இரட்டிப்பாவதாகவே நம் காது உணர்கிறது. ஆசைப்படத்தக்க லாபம்தான். காற்று 30 விழுக்காடு குறையும், தீயும் ஏறத்தாழ அதே அளவில் அடங்கும். கீழும் மேலும் ஒரே ஃபேனிலிருந்து வருவதால் விகிதம் பெரிதாகக் கெடாது. ஆனால் மேல்துளைக் காற்றின் பாய்ச்சல் வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது, அது பாதியாகிவிடும். வடிவமைத்தவர்கள் ரெகுலேட்டரின் கீழ் எல்லையை, கலவை கெடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்தியிருப்பார்கள். மெதுவான ஃபேனைப் போட்டால் மேல் எல்லையும் கீழ் எல்லையும் சேர்ந்தே இறங்கும். சிம்மில் வைக்கும்போது அது அந்த வரம்பைத் தாண்டிப் புகையத் தொடங்கும். சோறு வைக்கத் தீ பற்றாது, ரசத்தை இறக்கிவைக்கும் நேரத்தில் கண் எரியும். புகையாவது கண்ணுக்குத் தெரியும். அரைகுறையாக எரிந்த கரியின் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போடுகிற அடுக்குமாடி வீட்டில் இது விளையாட்டல்ல. எந்த ஃபேன் வைத்தாலும் இந்த அடுப்பு ஜன்னல் திறந்த இடத்தில்தான் எரியவேண்டும்.

வேகத்தைத் தொடாமலே சத்தத்தைக் குறைக்கவும் வழிகள் உண்டு. தகரத்தோடு இறுக்கி ஸ்க்ரூ முடுக்கியிருந்தால், நடுவே வெப்பம் தாங்கும் சிலிக்கான் ரப்பர் வாஷர் போடலாம். ஃபேனின் அதிர்வு பறைக்குப் போய்ச் சேராது. இலைக்கும் வலைக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் ஊளை இறங்கும். வாங்கும்போது புஷ்ஷுக்குப் பதில் குண்டு பேரிங் கேட்டு வாங்கலாம். முதல் நாளில் சற்று அதிகமாக ஒலித்தாலும் சூட்டில் அதுதான் தாக்குப்பிடிக்கும். அம்பு காட்டும் காற்றுத் திசையைப் பார்த்து மாட்டவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்போம். ஆனால் இந்த ஃபேன்களைத் தலைகீழாக மாட்டினாலும் சுற்றும். சாம்பலையும் சூட்டையும் தன்மேல் இழுத்துக்கொண்டு சுற்றும்.

டொரொண்டோவிலோ ஆஸ்லோவிலோ இருக்கும் தமிழர் வீட்டில் அறையைச் சூடாக்கும் பெல்லட் அடுப்பு இருந்தால் கதை சற்று வேறு. அதில் பொதுவாக இரண்டு புளோயர்கள். ஒன்று அறைக்காற்றைச் சூடான குழாய்கள்மேல் ஓட்டி வெளியே தள்ளுவது. இன்னொன்று எரிந்த வாயுவைப் புகைபோக்கிக்குள் இழுத்து அனுப்புவது. முதலாவது சத்தம் போட்டால் போவது சொகுசு மட்டும். அதை அமைதியான ஒன்றால் மாற்றுவதில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. இரண்டாவதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. அது சற்றுத் தளர்ந்தாலும் நச்சு வாயு அறைக்குள் கசியலாம். அதனால்தான் இழுவை குறைந்தால் பெல்லட் விழுவதையே நிறுத்தும் அழுத்த ஸ்விட்ச் ஒன்றை அதோடு இணைத்திருக்கிறார்கள்; புளோயரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அடியில் இருக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். அங்கே வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் மோட்டார் மின்னோட்டத்தின் இரு மடங்கு அதிர்வெண்ணில் முனகும்: ஐரோப்பாவில் 100 ஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 120. இந்த முனகலைப் பேரிங் கோளாறு என்று நினைத்து நல்ல மோட்டாரைக் குப்பையில் போடுவதும் நடக்கக்கூடியதே.

கடைசியாக, கேஸ் இணைப்பு வீட்டுக்கு வீடு வந்தபின் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்ற கேள்வி. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்துக்குப்பின் இந்தியச் சமையலறையின் திசை மாறியது உண்மை. ஊர்ஜா வீடுகளைவிட்டு ஒதுங்கியதற்கும் அதன் ஃபேன் காரணமல்ல. பெல்லட்டின் விலை ஏறியதே பெரிய காரணம். விற்ற நிறுவனமும் ஓட்டல், கேன்டீன் போன்ற பெரிய சமையற்கூடங்களின் பக்கம் திரும்பியது. ஆனால் பெல்லட் எரிக்கும் பெரிய பர்னர்களிலும் காற்றைத் தருவது ஒரு புளோயர்தான். அங்கே மணிக்குச் சில கிலோ எரிவதால் தவறான புளோயர் எழுப்பும் புகையும் அதே மடங்கில் பெருகும். சமையல்காரரின் காதுப்பக்கம் நாள்முழுக்க இரைகிற அந்தப் புளோயரின் வேகத்தைக் குறைக்க அங்கேயும் யாருக்காவது கை பரபரக்கும்.

மாட்டி முடித்தபின் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தீ வைப்பதற்கு முன் ஃபேனை ஓடவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியை மேல்துளைகளுக்கு அருகே வட்டமாகக் கொண்டுபோனால், எந்தத் துளையில் காற்று பாய்கிறது, எது அடைத்திருக்கிறது என்பதைப் புகைக்கோடு வளைந்து காட்டிவிடும். பிறகு பெல்லட் போட்டுப் பற்றவைத்து, ரெகுலேட்டரை மேல் எல்லையில் கொஞ்ச நேரம், கீழ் எல்லையில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்கவேண்டும். முதல் சமையல் முடிந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியை விரலால் தடவலாம். விரல் கறுத்தால், அந்த ஃபேன் எவ்வளவு மெல்லச் சுற்றினாலும் எஸ்.பி. ரோட்டுக்கே திரும்பிப் போகவேண்டியது.